அளவு நோட்டு

கல்லுக்கட்டிப் பக்கம், வளையல் கடை மாடியில்
என் மெஷின்.
மாசிக் கடைசியில் படியேறி வந்தாள்
கண்டனூர் அடைக்கம்மை.
வைகாசியில் முகூர்த்தம். அரக்கு நிறப் பட்டு.
மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்து மூணரை,
கைச்சுற்று பன்னிரண்டு.
"சத்தமா வாசிக்காதீங்கக்கா" என்றாள்.
கடையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அடுத்த முறை முப்பத்தாறே முக்கால்.
"அட, என்ன மாயம்!" என்றேன்.
நான்தான் சொன்னேன், மறைப்பதற்கில்லை.
முகம் மலர்ந்து பையைத் திறந்து காட்டினாள்.
டப்பாவில் தோல் சீவிய வெள்ளரிக்காய், ஆறு துண்டு.
காலையில் அது. மத்தியானம் அது.
ராத்திரி, மனசு கேட்காவிட்டால், இன்னும் ஒரு துண்டு.
"இருபத்தொரு நாள்தான்க்கா. உப்புகூடக் கிடையாது."
பிடித்துத் தைத்ததற்கு
நூற்றைம்பது வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் வீட்டு இரண்டாங்கட்டில்
பலகாரத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள்.
மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை,
தகர டின் தகர டின்னாக.
அவள் துப்பட்டாவில் நெய் வாசம் ஏறியிருந்தது.
வாயில் வேறு வாசம்,
நகப்பூச்சு அழிக்கும் புட்டியைத் திறந்தது போல.

மூன்றாம் முறை முப்பத்தைந்தரை.
"இன்னொரு இருபத்தொண்ணு ஆரம்பிச்சிட்டேன்."
டேப் தொட்ட இடமெல்லாம் அவளுக்குப் புல்லரித்தது,
சித்திரை வெயிலில்,
கரண்ட் போய் ஃபேன் நின்ற மதியத்தில்.
"இந்த மாசம் தலைக்கு ஊத்தலக்கா.
நல்லதாப் போச்சு,
கல்யாணத்துக்கு நாள் தள்ள மாத்திரை வேணாம்ல?"
பல்லில் குண்டூசி கவ்வியிருந்தேன்.
பதில் சொல்லாமலிருக்க அது வசதி.

அவள் போன பிறகு மெஷின் சிக்கியது.
பாபினைக் கழற்றினால்
சுற்றியிருந்தது நூல் இல்லை, முடி.

நாலாம் முறை அளவெடுக்கவில்லை.
கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள்.
கை மேலேயே இருக்க
முழங்கால் முதலில் போனது.
கெண்டைக்கால் முறுக்கி முறுக்கி இழுத்தது.
கழுத்து நரம்பில் துடிப்பைப் பார்த்தேன்:
நாலு தையல் போட்டு, ஒன்றை விட்டுவிட்டு,
மறுபடி அவசரமாக ஓடும் மெஷின்.
வளையல் கடை சிக்கந்தர்
ஓடி வந்து தூக்கிக்கொண்டு இறங்கினார்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"சோடியம் இல்ல, பொட்டாசியம் இல்ல.
கொழுப்பு மட்டுமா கரையும்?
தசையும் கரையும். இதயமும் தசைதானே."
உமையாள் ஆச்சி அழவில்லை.
மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
என்னிடம் மெதுவாகக் கேட்டார்:
"ஜாக்கெட் ஆயிருச்சா?"
அவரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை.
பத்திரிகை எல்லா ஊருக்கும் போயாகிவிட்டது.

நர்ஸ் கஞ்சியை ஸ்பூன் கணக்கில் கொடுத்தாள்.
"இன்னும் கொஞ்சம்" என்று அடைக்கம்மை கேட்டபோது
தரவில்லை.
"மெல்லத்தான். பட்டினி கிடந்த வயித்துக்குச்
சோறும் பாரம்."

அன்று இரவு நோட்டைப் புரட்டினேன்.
எத்தனை பெண்கள், எத்தனை வருஷம்.
முன்னதைவிடக் குறைந்த எண்ணுக்கெல்லாம் பக்கத்தில்
சின்னதாக ஒரு டிக்.
என் கையெழுத்துதான்.
கூடிய எண்களுக்கு ஒன்றுமில்லை.
அளவு பார்க்க அந்த டிக் எதற்கும் உதவாது.

பட்டு என்றால் உள்மடிப்பில்
இரண்டு இஞ்ச் விட்டுத்தான் தைப்பேன்.
பிரித்தேன், மூன்று வரிசையும்.
வைகாசியில் வந்து போட்டுப் பார்த்தாள்.
வளையலை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டாள்,
இன்னும் நிற்காமல் இறங்கியது.
ஜாக்கெட் சரியாக இருந்தது.
எத்தனை என்று அவள் கேட்கவில்லை,
நானும் எழுதவில்லை.

பட்டில் மட்டும்
பழைய தையல் போன வழியெல்லாம்
ஊசித் துளை.
நீர் தெளித்து, மேலே துணி போட்டுத் தேய்த்தேன்.
நகத்தால் நீவினேன்.
மூடவில்லை.